சூடாக்காத குடுவை எங்கே?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இந்த விழாவுக்கு வைத்தியம் பற்றிய ஓர் உரை வேண்டும் என்று சங்கத்தினர் கேட்டபோது, 1998 ஆம் ஆண்டு உயர்தரம் எழுதிய எங்கள் வகுப்பினர் வட்ஸ்அப்பில் கூடிப் பேசினோம். சீனி வருத்தம், இரத்த அழுத்தம் என்று பல தலைப்புகள் வந்தன. கடைசியில் எல்லோரும் ஒரே தலைப்பில் வந்து நின்றோம். புற்றுநோய் மருந்துகளோடு வெப்பத்தைச் சேர்த்தால் அவற்றின் வலிமை கூடுமா என்பதே அது. கேட்பதற்குக் கடினமான விடயம்தான். ஆனால் அதற்குள் எங்கள் இரசாயனவியல் ரீச்சர் இருக்கிறார். மேடையில் நிற்பது ஒருத்தி என்றாலும் சொல்வது வகுப்பு முழுவதும். ஆகவே 'நாங்கள்' என்றே பேசுவதற்கு அனுமதியுங்கள். ரீச்சரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. தன் கதையைச் சொல்லலாம், பெயரைச் சொல்லவேண்டாம் என்று அவரே எங்களிடம் கேட்டுக்கொண்டார். அவரிடம் படித்தவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

1997 ஆம் ஆண்டு. இடப்பெயர்வு முடிந்து ஊருக்குத் திரும்பியிருந்தோம். ஆய்வுகூடத்தில் கதவும் மேசைகளும் இருந்தன. அலுமாரிகளில் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. உடையாமல் மிஞ்சிய வெப்பமானி ஒன்றே ஒன்று. எரிவாயு இல்லை, மின்சாரமும் ஒழுங்காக இல்லை. பின்வளவில் மூன்று கல்லை வைத்து, சிரட்டையும் பன்னாடையும் எரித்துக் கேத்திலில் தண்ணீர் கொதிக்கவைத்தோம். அன்றைய செய்முறை, வெப்பநிலை கூடும்போது தாக்க வீதம் எப்படிக் கூடுகிறது என்பது. ஒரு வெள்ளைத் தாளில் கறுப்புப் புள்ளடி. அதன்மேல் கூம்புக் குடுவை. குடுவைக்குள் சோடியம் தயோசல்பேற்றுக் கரைசல். அதில் ஐதான ஐதரோக்குளோரிக்கமிலத்தை ஊற்றினால் கந்தகம் படிந்து கரைசல் கலங்கும். மேலிருந்து பார்க்கப் புள்ளடி மறையும். மறைவதற்கு எத்தனை விநாடி என்று எண்ணவேண்டும். விநாடிமுள் உள்ள கைக்கடிகாரம் வகுப்பில் ஒருத்தியிடம் மட்டுந்தான் இருந்தது. அன்று முழுவதும் அவள்தான் இராணி.

நாற்பது பாகை, ஐம்பது பாகை, அறுபது பாகை என்று சுடுநீரில் வைத்துச் சூடாக்கிய குடுவைகளில் புள்ளடி மளமளவென்று மறைந்தது. எங்களுக்கு ஒரே சந்தோசம். சூடாக்காத கரைசல் மெதுவாகத்தான் கலங்கும் என்பது தெரிந்ததுதானே என்று அதைச் செய்யாமலே விட்டுவிட்டு, பதிவுப் புத்தகத்தை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். ரீச்சர் ஒரு பக்கத்தைத்தான் பார்த்தார்.

"சூடாக்காத குடுவை எங்கை பிள்ளையள்?"

"அது மெதுவாத்தான் மறையும் ரீச்சர், தெரியுந்தானே."

"தெரியுமெண்டால் ஏன் செய்முறை? போய்ச் செய்துகொண்டு வாங்கோ."

அடுப்பு அணைந்த பிறகு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு, மறுபடி செய்தோம். அந்தக் கேள்வி இருபது ஆண்டுகள் கழித்து எங்களைத் தேடி வரும் என்று அன்றைக்கு யார் கண்டது.

2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ரீச்சருக்குச் சூலகப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அவருக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. நோய் சூலகத்தோடு நிற்காமல் வயிற்றறை எங்கும் பரவியிருந்தது. நாங்கள் மூன்றாம் நிலை என்று சொல்வது. செய்தி பரவிய அன்றிரவே லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ண், ஒஸ்லோ என்று எங்கள் வகுப்பு விழித்துக்கொண்டது. இரண்டு கிழமைக்குள் கணிசமான பணமும் சேர்ந்துவிட்டது. அதோடு ஒரு செய்தியும் சுற்றத் தொடங்கியது. வெளிநாட்டில் ஒரு தனியார் நிலையம், உடம்பு முழுவதையும் சூடாக்கிப் புற்றுநோயைக் கொல்கிறதாம், கீமோதெரபியே தேவையில்லையாம், முடி கொட்டாதாம், சத்தி வராதாம். ரீச்சரை உடனே அங்கே அனுப்பவேண்டும் என்று பலர் நின்றார்கள். அந்த அன்பை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டோம்.

வைத்தியத் துறைக்குப் போனவர்கள் எங்கள் வகுப்பில் நான்கு பேர். எங்களை நோக்கித்தான் எல்லோரும் திரும்பினார்கள். 'வேண்டாம்' என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் அது நேர்மையாக இருக்காது. ஏனென்றால் அந்தச் செய்தி முழுப் பொய் அல்ல. வெப்பம் புற்றுநோய் மருந்தின் வலிமையைக் கூட்டும் என்பது உண்மை. அந்த உண்மையின் அளவு என்ன என்பதுதான் கேள்வி. அந்த அளவை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறோம்.

முதலில் ஒரு சிறு வரலாறு. 1866 ஆம் ஆண்டு ஜேர்மனியில் புஷ் என்ற வைத்தியர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்த கட்டி, கடும் காய்ச்சலோடு வந்த ஒரு தோல் தொற்றுக்குப் பிறகு சுருங்கிப்போனது. நியூயோர்க்கில் வில்லியம் கோலி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1891 இல் நோயாளிகளுக்குக் கிருமிகளை ஊசியால் ஏற்றி, வேண்டுமென்றே காய்ச்சலை வரவழைத்துப் பார்த்தார். சிலருக்குக் கட்டி கரைந்தது, பலருக்குக் கரையவில்லை. அதில் பெரும்பங்கு உடலின் நோயெதிர்ப்புச் சக்தியின் வேலை என்று இன்று கருதுகிறோம். ஆனால் 'சூடு கட்டியை ஏதோ செய்கிறது' என்ற எண்ணம் அங்கிருந்து வைத்தியத்துக்குள் நின்றுவிட்டது.

இனி உடலுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். எமது உடலின் வெப்பநிலை ஏறக்குறைய 37 பாகை செல்சியஸ். வெப்பச் சிகிச்சை என்று நாங்கள் சொல்வது, கட்டி இருக்கும் இடத்தை 40 முதல் 43 பாகை வரை உயர்த்தி, முப்பது நிமிடம், அறுபது நிமிடம், தொண்ணூறு நிமிடம் என்று அளந்து அங்கேயே வைத்திருப்பது. வித்தியாசம் மூன்று முதல் ஆறு பாகைதான். அடுப்பில் வைத்துச் சுடுவது போன்ற வேலை அல்ல இது.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். அது கலத்தின் கருவுக்குள் போய் டி.என்.ஏ. இழைகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். முடிச்சு விழுந்த கலம் பெருக முடியாமல் இறக்கும். ஆனால் கலமும் சும்மா இருப்பதில்லை. முடிச்சுகளை வெட்டி எடுத்துத் திருத்துவதற்கென்றே அதனிடம் புரதங்கள் உண்டு. எங்கள் ஊர் வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரவில் யாரோ வேலியைப் பிரித்துவிட்டுப் போகிறார்கள். விடிந்ததும் வீட்டுக்காரர் ஆள் பிடித்து, கிடுகு கொண்டுவந்து வேலியை அடைத்துவிடுகிறார். மருந்து பிரிப்பதும் கலம் அடைப்பதுமாக இந்தப் போட்டி நடக்கிறது. 41, 42 பாகைச் சூடு என்ன செய்கிறதென்றால், அந்த வேலி அடைக்கிற ஆளைப் படுக்கையில் போட்டுவிடுகிறது. திருத்தும் புரதங்கள் சில உருக்குலைந்து, சில மணித்தியாலங்களுக்கு வேலை செய்ய முடியாமல் போகின்றன. அதே அளவு மருந்து, ஆனால் கூடுதலான சேதம்.

வேறு இரண்டு காரியங்களும் நடக்கின்றன. மிதமான சூட்டில் கட்டிக்குள் குருதி ஓட்டம் கூடுகிறது. குருதியோடு மருந்தும் கூடுதலாக உள்ளே போகிறது. கலத்தின் மென்சவ்வும் சற்று இளகி, மருந்து உள்ளே நுழைவதை எளிதாக்குகிறது. எல்லா மருந்துக்கும் இது பொருந்தாது. சிஸ்பிளாட்டின், ஐபொஸ்பமைட், மெல்பலான், மைற்றோமைசின் போன்றவை சூட்டோடு நன்றாக வேலை செய்கின்றன. பைவ் எவ்.யூ. போன்ற வேறு சில மருந்துகளுக்குச் சூடு பெரிதாக எதையும் சேர்ப்பதில்லை. ஆகவே 'சூடாக்கினோம்' என்று சொன்னால் போதாது; எந்த மருந்தோடு என்றும் சொல்லவேண்டும்.

கலம் சூட்டுக்கும் பழகிக்கொள்ளும் என்பது இன்னொரு சங்கதி. 1962 இல் இத்தாலிய ஆய்வாளர் ரித்தோசா பழ ஈக்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, வெப்பப் பெட்டியின் சூட்டை யாரோ தவறுதலாகக் கூட்டிவிட்டார்கள். அந்த ஈக்களின் கலங்களில் வழமையாக உறங்கிக் கிடக்கும் சில மரபணுக்கள் விழித்துக்கொண்டதை அவர் கண்டார். சூடு பட்ட கலம் தன்னைக் காப்பாற்றச் சில புரதங்களை அவசரமாக உற்பத்தி செய்கிறது என்பது அதன் வழியாகத்தான் பின்னாளில் தெரியவந்தது. அந்தப் புரதங்கள் இருக்கும்வரை இரண்டாவது சூடு பலிக்காது. அதனால்தான் வெப்பச் சிகிச்சையை நாளாந்தம் கொடுப்பதில்லை. இரண்டு மூன்று நாட்கள் இடைவெளி விடுகிறோம். தினமும் சூடாக்குகிறோம் என்று பெருமைப்படுகிறவர்களிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

இவ்வளவும் ஆய்வுகூடக் கதை. மனிதரில் என்ன கண்டார்கள்?

ரீச்சருக்கு இதையெல்லாம் விளங்கப்படுத்துவதற்காக, யாழ்ப்பாணத்தில் வேலை செய்யும் எங்கள் தோழியோடு விடுமுறையில் வந்திருந்த எங்களில் சிலரும் அவரது வீட்டுக்குப் போனோம். மூன்று பெரிய ஆய்வுகளின் தாள்களைக் கையில் கொண்டுபோனோம். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார், வயிறு மட்டும் பெருத்திருந்தது. வெளிநாட்டு நிலையத்தின் செய்தியை முதலில் வாசித்துக் காட்டச் சொன்னார். கேட்டுவிட்டு, "எத்தினை பாகை எண்டு போட்டிருக்கோ?" என்றார். போட்டிருக்கவில்லை. "எத்தினை நிமிசம்? எந்த இடத்திலை வெப்பமானி வைச்சுப் பாக்கினம்?" அதுவும் இல்லை. "சரி, சூடாக்காத குடுவை எங்கை?"

எங்களுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

அவருடைய கேள்வியை வைத்தே அந்த மூன்று ஆய்வுகளையும் பார்த்தோம். இன்று உங்களுக்கும் அப்படியே சொல்கிறோம்.

முதலாவது, சூலகப் புற்றுநோய் பற்றியது. நெதர்லாந்து வைத்தியர்கள் முன்னின்று நடத்தியது. 2018 ஜனவரியில் வெளிவந்தது. ரீச்சருக்கு இருந்ததைப் போல மூன்றாம் நிலை நோய் உள்ள 245 பெண்கள். எல்லோருக்கும் முதலில் மூன்று முறை கீமோதெரபி. பிறகு, கண்ணுக்குத் தெரியும் கட்டிகளையெல்லாம் அகற்றும் பெரிய சத்திரசிகிச்சை. அந்தச் சத்திரசிகிச்சையின் முடிவில், பாதிப் பேருக்கு மட்டும் 40 பாகைச் சூட்டில் சிஸ்பிளாட்டின் கரைசலை வயிற்றறைக்குள் விட்டு, குழாய்களாலும் பம்பியாலும் 90 நிமிடம் சுற்றவிட்டார்கள். இதைத்தான் சுருக்கமாக ஹைபெக் என்கிறார்கள். சத்திரசிகிச்சை மூன்றே கால் மணித்தியாலத்திலிருந்து ஐந்தரை மணித்தியாலத்துக்கு மேல் நீண்டது. ஆனால் பாரதூரமான பக்கவிளைவுகள் இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சூடான மருந்து பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் 45.7 மாதங்கள், பெறாதவர்களுக்கு 33.9 மாதங்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கூட. பத்தாண்டுகள் பின்தொடர்ந்து 2023 இல் மறுபடி வெளியிட்டபோதும் அந்த ஒரு வருட வித்தியாசம் அப்படியே நின்றது. பேரப்பிள்ளை பிறப்பதைப் பார்க்கக் காத்திருக்கும் ஒரு தாய்க்கு ஒரு வருடம் சின்ன விடயமா?

இதிலே ரீச்சரை மகிழவைத்த ஒன்றும் இருந்தது. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைத் தாக்கும். அதைத் தடுக்க அந்தப் பெண்களுக்கு நாளத்தின் வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள். அந்த மருந்து சோடியம் தயோசல்பேற்று. எங்கள் குடுவைக்குள் இருந்த அதே பொருள். குருதிக்குள் வந்துசேரும் சிஸ்பிளாட்டினைப் பிடித்து அதன் நஞ்சை முறிக்கிறது. "பாத்தியளோ, நான் வீணாப் படிப்பிக்கேல்லை" என்றார்.

ஆனால் கேள்வியை விடவில்லை. "மற்றப் பாதிப் பேருக்குச் சூடாக்காத சிஸ்பிளாட்டினை வயித்துக்குள்ளை விட்டுப் பாத்தவையோ?" இல்லை. அவர்களுக்கு வயிற்றறைக்குள் எதுவும் விடப்படவில்லை. அப்படியென்றால் பலன் தந்தது சூடா, மருந்தை நேரே வயிற்றுக்குள் விட்டதா, இரண்டும் சேர்ந்தா என்று அந்த ஆய்வை வைத்து மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது. உலகின் பெரிய நிபுணர்கள் கேட்ட அதே கேள்வியை எங்கள் ரீச்சர் விறாந்தையில் இருந்து கேட்டார்.

இரண்டாவது ஆய்வு பிரான்சிலிருந்து, 2021 இல் முழுமையாக வெளிவந்தது. அதன் முடிவு 2018 இலேயே ஒரு மாநாட்டில் சொல்லப்பட்டுவிட்டது. பெருங்குடல் புற்றுநோய் வயிற்றறையில் பரவிய 265 பேர். எல்லோருக்கும் கட்டிகளை அகற்றும் சத்திரசிகிச்சை. பாதிப் பேருக்கு அதோடு 43 பாகைச் சூட்டில் ஒட்சாலிப்பிளாட்டின் 30 நிமிடம். முடிவு? சூடான மருந்து பெற்றவர்களுக்கு 41.7 மாதங்கள், பெறாதவர்களுக்கு 41.2 மாதங்கள். வித்தியாசம் இல்லை என்றே சொல்லவேண்டும். அறுபது நாள் கணக்கில் பாரதூரமான சிக்கல்கள் சூடான மருந்து பெற்றவர்களில்தான் கூட. அதுவரை பல நாடுகளில் நம்பிச் செய்துவந்த ஒன்று அது. வேறு நோய், வேறு மருந்து, வேறு நேரம். ஆகவே வேறு விடை. கட்டியை முழுமையாக அகற்றிய சத்திரசிகிச்சையின் பெறுமதிதான் அங்கே வெளிப்பட்டது.

மூன்றாவதுதான் ரீச்சரின் மனதுக்குப் பிடித்தது. மியூனிச் வைத்தியர்கள் தலைமைதாங்கியது. தசை, கொழுப்பு போன்ற மென்னிழையங்களில் வரும் சார்க்கோமா என்ற புற்றுநோய் உள்ள 341 பேர். இரு பிரிவினருக்கும் ஒரே மூன்று மருந்துகள், ஒரே அளவில், நாளத்தின் வழியாக. ஒரு பிரிவினருக்கு மட்டும், கட்டி உள்ள பகுதியைச் சுற்றி அலைபரப்பிகளை வைத்து, வானொலி அலைகளால் அந்த இடத்தை 42 பாகை வரை சூடாக்கி ஒரு மணித்தியாலம் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு கீமோதெரபிச் சுற்றிலும் முதலாம் நாளும் நான்காம் நாளும் மட்டும். பத்து ஆண்டுகளின் பின் சூடு பெற்றவர்களில் 52.6 வீதமானோர் உயிரோடு இருந்தார்கள்; பெறாதவர்களில் 42.7 வீதமானோர். அதாவது நூறு பேரில் பத்துப் பேர் கூட. இங்கே மருந்து ஒன்றுதான், வித்தியாசம் சூடு மட்டுந்தான். சூடாக்காத குடுவை பக்கத்திலேயே இருக்கிறது. "இது செய்முறை" என்றார் ரீச்சர்.

ஆக, உண்மையின் அளவு இதுதான். வெப்பம் தனியாக நின்று புற்றுநோயை மாற்றும் மருந்து அல்ல. சில புற்றுநோய்களில், சில மருந்துகளோடு, அளந்த சூட்டில், அளந்த நேரத்துக்குக் கொடுத்தால் அது நல்ல துணை. மருந்தை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் பிடித்துக்கொண்டால், வேலி அடைக்கிற ஆளைப் படுக்கவைத்தோம், ஆனால் வேலியைப் பிரிக்க ஒருவரையும் அனுப்பவில்லை என்ற கதைதான்.

ரீச்சருக்கு ஹைபெக் செய்யலாமா என்றும் பார்த்தோம். நீண்டகாலச் சீனி வருத்தத்தால் அவரது சிறுநீரகங்கள் ஏற்கெனவே தளர்ந்திருந்தன. சிஸ்பிளாட்டினை அவை தாங்கா என்று நிபுணர்கள் சொன்னார்கள். அவருக்குத் தரப்பட்டது வழமையான சிகிச்சைதான். தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 2011 இல் மக்கள் நடந்து சேர்த்த நிதியில் எழுந்த தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் மூன்று முறை கீமோதெரபி, பிறகு சத்திரசிகிச்சை, பிறகு மறுபடி மூன்று முறை. முடி கொட்டியது. சத்தியும் வந்தது. பெருத்த வயிறு வற்றியது. பத்து மாதத்தில் மறுபடி முற்றத்துச் செவ்வரத்தைக்குத் தண்ணீர் ஊற்றினார். 2022 இல் நோய் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோகும்வரை ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் எங்களோடு இருந்தார். சேர்த்த பணத்தைத் தனக்கென்று தொடவில்லை. கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் தெல்லிப்பழைக்கு வரும் நோயாளிகளின் பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் கொடுக்கச் சொன்னார். அது இன்றைக்கும் நடக்கிறது.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களுக்குக் கடினமானது. நோய் தெரியவருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே ரீச்சருக்கு வயிறு ஊதிக்கொண்டிருந்தது. வாய்வு என்று இஞ்சியும் உள்ளியும் அவித்துக் குடித்தார். கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிரம்பியது. வயது என்று நினைத்தார். அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போனார். சீனி என்று நினைத்தார். அந்த ஆண்டு பரிசளிப்பு விழாவுக்கு வந்திருந்தார். எங்களில் வைத்தியர்கள் இரண்டு பேர் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தை இன்று பார்த்தால் சேலைக்கு மேலாகவே வயிறு தெரிகிறது. அன்று கேட்கவில்லை. ரீச்சரிடம் போய் உடம்பைப் பற்றிக் கேட்பதா என்ற மரியாதை. அந்த மரியாதைக்கு என்ன விலை என்று எங்களுக்குத் தெரியும். மூன்றாம் நிலையில் சூடான சிஸ்பிளாட்டின் தரக்கூடிய நன்மையைவிட, நோய் பரவுமுன் கண்டுபிடிப்பது தரும் நன்மை பலமடங்கு.

ஆகவே அக்காமாரே, தங்கைமாரே, இங்கே மூன்று விடயங்களைச் சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஒன்று. வயிறு ஊதுதல், கொஞ்சம் உண்டதுமே நிரம்புதல், அடிவயிற்று நோ, அடிக்கடி சிறுநீர் போதல், இவற்றில் ஏதாவது புதிதாகத் தொடங்கி, இரண்டு மூன்று கிழமைக்கு மேல் பெரும்பாலான நாட்களில் நீடித்தால் வைத்தியரிடம் போங்கள். வயிற்று ஸ்கான் செய்யவேண்டுமா என்று கேளுங்கள். 35 வயது கடந்தவர்கள் சுகவனிதையர் சிகிச்சை நிலையத்துக்குப் போவது மிக நல்லது. ஆனால் அங்கே செய்யும் பப் பரிசோதனை கருப்பைக் கழுத்துக்கானது. அது சரி என்று வந்தால் சூலகமும் சரி என்று அர்த்தம் இல்லை. அம்மாவுக்கோ சகோதரிக்கோ சூலக, மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

இரண்டு. வீட்டில் யாராவது கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கும்போது காய்ச்சல் வந்தால், 'சூடு நல்லதாம், கட்டி கரையுமாம்' என்று ஒருபோதும் இருந்துவிடாதீர்கள். அது சிகிச்சைச் சூடு அல்ல. மருந்தால் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்கும் நேரத்தில் 38 பாகைக் காய்ச்சல் என்றாலே அவசர நிலைதான். பனடோல் கொடுத்துவிட்டு விடியட்டும் என்று பார்க்கவேண்டாம். நள்ளிரவு என்றாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். மருந்தால் கைகால் விறைத்திருப்பவர்களுக்குச் சுடுநீர்ப் போத்தல் ஒத்தடமும் கவனம். சுட்டுப் புண்ணான பிறகுதான் அவர்களுக்குத் தெரியவரும். சுடுதண்ணீர் குடிப்பதாலோ வெயிலில் இருப்பதாலோ கட்டிக்குள் 42 பாகை வராது. எங்கள் உடம்பு 37 பாகையைக் காப்பதில் மகா கெட்டிக்காரி.

மூன்று. கடல் கடந்து இருக்கும் சகோதரிகளுக்கு. ஊரில் ஒருவருக்கு வருத்தம் என்றதும் முதலில் பணம் அனுப்புகிறவர்கள் நீங்கள். இனிமேல் பணத்தோடு ரீச்சரின் கேள்விகளையும் அனுப்புங்கள். எத்தனை பாகை? எத்தனை நிமிடம்? எங்கே வைத்து அளந்தீர்கள்? எந்த மருந்தோடு? சூடாக்காத குடுவை எங்கே? இவற்றுக்கு விடை சொல்லத் தெரிந்த இடமென்றால் அங்கே பேசிப் பார்க்கலாம். சொல்லத் தெரியாமல், நடந்துகொண்டிருக்கும் கீமோதெரபியை நிறுத்திவிட்டு வரச் சொல்லும் இடத்துக்கு யாரையும் அனுப்பாதீர்கள்.

இந்தக் கல்லூரி எங்களுக்கு என்ன தந்தது என்று நூற்றாண்டு மலரில் பலரும் எழுதியிருப்பீர்கள். எங்கள் வகுப்புக்கு அது ஒரு பழக்கத்தைத் தந்தது. எவ்வளவு ஆசையாக இருந்தாலும், எவ்வளவு பயமாக இருந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒன்றை நம்பக்கூடாது என்ற பழக்கம். பின்வளவில் மூன்று கல் அடுப்பில், ஒரேயொரு வெப்பமானியோடு, ஒரு தோழியின் கைக்கடிகாரத்தைச் சுற்றி நின்று படித்தது அது. இன்று புதிய ஆய்வுகூடத்தைப் பார்த்தோம். வெப்பமானிகள் வரிசையாக இருக்கின்றன. மனதுக்கு நிறைவாக இருந்தது. அங்கே செய்முறை செய்யும் தங்கைமாரே, தெரிந்ததுதானே என்று முதலாவது குடுவையை விட்டுவிடாதீர்கள்.

அடுத்த முறை உங்கள் ஆசிரியை ஒருவரைச் சந்திக்கும்போது, காலில் விழுந்து கும்பிட்ட பிறகு, கையைப் பிடித்து, "ரீச்சர், உடம்பு எப்பிடி? சாப்பாடு செல்லுதோ?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, விடை வரும்வரை நில்லுங்கள்.